அங்க காகம் இருக்கோ?

செய்மதித் தொலைபேசியை எப்படி இயக்குவது, ஏரிக்கரையில் கூடாரத்தை எந்தப் பக்கம் பார்க்க அடிப்பது, நுளம்புக்கு என்ன பூசுவது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வரைபடம் பார்க்கப் பழகியதே கப்பலில் சமையல்காரனாக இருந்தபோதுதான்.

பயணக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் நாலு பேரும் போன மாதம் ஆக்லாந்தின் பாபகூராவில் என் வீட்டுக்கு வந்தீர்கள். "அண்ணை, நீங்கள் விட்ட பிழையளைச் சொல்லுங்கோ. நல்லதுகளை நாங்கள் புரோஷரில வாசிச்சிட்டம்" என்று உங்களில் ஒருவர் சொன்னார். அப்போது தேநீரைக் குடித்துச் சமாளித்துவிட்டேன். நேரில் சொல்லும்போது ஆள் தன்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டிக்கொள்வான். எழுதினால் அது குறையும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும் இடம் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்கிறேன். இங்கே ஆக்லாந்தில் தேசியப் பூங்கா என்றால் கார் நிறுத்த இடம் இருக்கும், கழிவறை இருக்கும், நடைபாதையில் அம்புக்குறி இருக்கும். அலாஸ்காவின் வடக்கில் உள்ள பூங்காக்களுக்கு வாசலே கிடையாது. சாலை இல்லை, கடை இல்லை, பெயர்ப்பலகைகூட இல்லை. மிதவை கட்டிய சிறு விமானம் உங்களை ஓர் ஏரியில் இறக்கிவிட்டுப் போய்விடும். ஆறு நாள் கழித்து வானிலை சரியாக இருந்தால் திரும்பி வரும். நடுவில் நீங்களும் நீங்கள் கொண்டுபோன சாமான்களும் மட்டும்தான். இங்கே குளிர்காலம் நடக்கும்போது அங்கே கோடை. இருட்டே வராது.

அந்தப் பக்கத்துக் கடலில் மீன்பிடிப் படகுகளில் சமைத்தேன். பிறகு உள்நாட்டில் வேட்டைக்காரர்களின் முகாமில் சமைத்தேன். நாட்டு நிலைமையும் ஒரு காரணம், ஓரிடத்தில் தங்காத என் காலும் ஒரு காரணம். கடைசியில் ஆக்லாந்தில் வந்து நின்றபோது, தமிழ்க் குடும்பங்களை அந்த வடக்குக்குக் கூட்டிப்போக ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். சோறு கறி ஆக்கத் தெரிந்த, கரடியைக் கண்டு ஓடாத ஆள் என்று என்னைப் பிடித்தார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலு வருடம் முன் நடந்தது இது.

ஆக்லாந்தின் எப்சம் பகுதியிலிருந்து சிவசம்பு என்ற பெரியவர் போன் எடுத்தார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். இங்கே வந்து பல வருடமானாலும் எல்லோருக்கும் சிவசம்பு மாஸ்டர்தான். எழுபது வயது நெருங்கியிருந்தது. மனைவி இறந்து எட்டு வருடம். ஒரே மகள் யாழினி, மருந்தாளர்.

"தம்பி, அங்க காகம் இருக்கோ?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"இருக்கு மாஸ்டர். கோழி அளவு இருக்கும்."

"மனுசரிட்ட வருமோ?"

"நீங்கள் போகச் சொன்னாலும் போகாது."

சிரித்தார். தான் குறித்து வைத்திருந்த வாரத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அடுத்த நாளே தனக்கும் மகளுக்கும் பதிவு செய்துவிட்டார். நான் என் குறிப்புப் புத்தகத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'பறவை பார்ப்பவர்' என்று எழுதி வைத்தேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

குழுவில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஆக்லாந்தின் மாசிப் பகுதியில் வசிக்கும் மலேசியத் தமிழர் குணா, அவர் மனைவி மேரி. இரண்டு பேரும் ஓய்வு பெற்ற தாதியர். குணாவுக்கு எதையும் கேலி பண்ணாமல் இருக்க முடியாது. ஏரியில் இறங்கி, விமானச் சத்தம் மலைக்குப் பின்னால் போய் மறைந்ததும், சுற்றிலும் பார்த்துவிட்டு, "என்னா அண்ணே, இவ்ளோ தூரம் வந்து ஒரு தே தாரேக் டீக்கடைகூட இல்லையே லா" என்றார். மேரி, "சும்மா இருங்க. கடை இருந்தா அங்கேயே உக்காந்திருப்பீங்க" என்றார்.

விமானம் போனதும் நான் செய்யும் முதல் வேலை உங்களுக்குத் தெரியும். எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்துக் கரடியைப் பற்றிச் சொல்வது. கரடியின் மூக்கு எங்கள் கண்ணைவிடத் தூரம் போகும். சமையல் ஓரிடம், படுக்கை நூறு காலடி தள்ளி இன்னோரிடம். சாப்பாடு எல்லாம் பூட்டிய பீப்பாவுக்குள். ஒரு முறை மனிதச் சாப்பாட்டை ருசித்த கரடி மறுபடி வரும். மறுபடி வருகிற கரடியைப் பூங்காக்காரர் சுட வேண்டி வரும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஆரிட்டயாவது பையுக்குள்ள சாப்பாடு ஏதும் இருக்கோ?" என்று ஒவ்வொருவராகக் கேட்டேன்.

மேரி இரண்டு பாக்கெட் முறுக்கு எடுத்தார். குணா முழங்கால் உறைக்குள்ளிருந்து ஒரு சாக்லேட் எடுத்தார். யாழினி இருமல் இனிப்பைக் கொடுத்தாள். மாஸ்டர் கையை விரித்துக் காட்டினார்.

"என்னட்டச் சாப்பாடு ஒண்டும் இல்லைத் தம்பி."

பொய் சொல்லுகிற மனிதர் இல்லை அவர். அன்றும் சொல்லவில்லை.

முதல் மூன்று நாள் ஒரு குறையும் இல்லாமல் போனது. மான் கூட்டம் ஏரியைக் கடந்து நீந்தியது. குணா அரைமணி நேரம் கேலி செய்ய மறந்தார். மாஸ்டர் காகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு பெரிய காகங்கள் எங்கள் முகாமைச் சுற்றி நடந்தன, கடையில் வாடிக்கையாளர் மாதிரி. மூன்றாம் நாள் மாலை அவர் என்னிடம் வந்து, "தெற்கு எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டார். திசைகாட்டியை எடுத்துக் காட்டினேன். ஏரிக்கரையில் ஒரு தட்டையான கல்லும் அதற்கப்பால் தண்ணீரும் இருந்த பக்கம். "நல்லது" என்றார். வீட்டு ஞாபகம் வந்துவிட்டது, ஆக்லாந்து எந்தப் பக்கம் என்று பார்க்கிறார் என நினைத்தேன்.

நாலாம் நாள் காலையில் அவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். முழங்காலும் நோகிறது, மலைச்சரிவுக்கு வரவில்லை, முகாமில் இருக்கிறேன் என்றார்.

யாரையும் தனியே விடக்கூடாது என்பது விதி. அதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனால் சரிவின் மேலிருந்து பார்த்தால் முகாம் முழுவதும் தெரியும். மூன்று நாளில் கரடித் தடம் ஒன்றுகூடக் காணவில்லை. குணாவும் மேரியும் மேலே போக ஆசைப்பட்டார்கள். மாஸ்டர் கையில் கரடிக்கு அடிக்கும் மிளகாய் ஸ்பிரே ஒன்றையும் ஒரு விசிலையும் கொடுத்து, "இந்த இடத்தை விட்டு அசையாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

காகம், தெற்கு, காலையில் பட்டினி. இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்டால் எங்கள் வீடுகளில் பத்து வயதுப் பிள்ளை சொல்லும், அன்றைக்கு என்ன நாள் என்று. என் இடத்தில் ஒரு வெள்ளைக்கார வழிகாட்டி இருந்திருந்தால் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. தமிழ் ஆட்களுக்குத் தமிழ் வழிகாட்டி வேண்டும் என்று என்னை வைத்தார்கள். நான் தடத்தையும் காற்றையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினொரு மணிபோல் சரிவில் நின்று கீழே பார்த்தேன். மாஸ்டர் கூடாரத்தடியில் இல்லை. ஏரிக்கரையில், அந்தத் தட்டைக் கல்லுக்குக் கொஞ்சம் தள்ளி, முழங்கால் அளவு தண்ணீருக்குள் நின்றார். மேலில் சட்டை இல்லை. இடுப்பில் நனைந்த வேட்டி. கல்லின் மேல் தலையைக் குனிந்து ஒரு கரடி நக்கிக்கொண்டிருந்தது.

மண்நிறக் கரடி. மூன்று வயது இருக்கலாம். அந்த வயதுக் கரடிதான் பொல்லாதது. தாயை விட்டு அப்போதுதான் பிரிந்திருக்கும், எதையும் ருசித்துப் பார்க்கும். அதற்கும் மாஸ்டருக்கும் நடுவில் இருபது காலடி இருக்கும்.

யாழினி என் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். ஓடத் தொடங்கினாள். நான் அவள் பையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் பாசியில் விழுந்தோம்.

"விடுங்கோ அண்ணை."

"ஓடினால் அது வெருளும் பிள்ளை. வெருண்டால் பக்கத்தில நிக்கிறது அப்பா."

குணாவின் முகத்தில் கேலி போயிருந்தது. "சொல்லுங்க அண்ணே. என்னா செய்யணும்?" என்று மட்டும் கேட்டார். முப்பது வருடம் அவசரப் பிரிவில் வேலை செய்த மனிதர். அது அன்றைக்கு உதவியது.

நேரே இறங்கினால் ஏழு நிமிடம். ஆனால் நேரே இறங்கும் வழி கரடிக்குப் பின்னாலிருந்த புதர்ப்பக்கமாகப் போகிறது. நாங்கள் அந்த வழியாகப் போனால் கரடிக்கு முன்னால் மாஸ்டரும் தண்ணீரும், பின்னால் நாங்கள். வெளியேற இடமில்லாத கரடி தனக்கு இடம் உண்டாக்கிக்கொள்ளும். இடது பக்கமாகச் சுற்றிக் கரையோரமாக வந்தால் காற்று எங்கள் மணத்தை முன்கூட்டியே அதனிடம் கொண்டுபோகும், புதர்ப்பக்கம் அதற்குத் திறந்திருக்கும். அந்த வழிக்கு நாலைந்து நிமிடம் கூட.

நான் இடது பக்கம் திரும்பினேன். யாழினிக்குப் புரிந்துவிட்டது.

"இது சுத்துப்பாதை. அப்பா அங்க தண்ணிக்குள்ள நிக்கிறார்."

"ஓம். இதால போனால்தான் அது அந்தப் பக்கத்தால போகும்."

"அது போகாட்டி?"

"போகாட்டி என்னட்ட ஸ்பிரே இருக்கு."

"அவருக்கு ஏதும் நடந்தா நான் உங்களை மன்னிக்க மாட்டன்."

"தெரியும் பிள்ளை. நடவும்."

நாலு பேரும் தோளோடு தோள் ஒட்டி நடந்தோம். வேகமாக, ஆனால் ஓடாமல். சத்தமாகப் பேசிக்கொண்டு வரவேண்டும் என்றேன். பேச ஒன்றும் வராமல் குணா பெருக்கல் வாய்ப்பாடு சொன்னார். மேரி செபம் சொன்னார். அந்தப் பதினொரு நிமிடத்தில் நான் எடுத்த முடிவு சரிதானா என்று அடிக்கு அடி நினைத்தேன். சரி என்பது முடிந்த பிறகுதான் தெரியும். இதில் உங்களுக்கு ஆறுதலாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாதி வழியில் மட்டும் மாற்றாதீர்கள்.

கரையை அடைந்தபோது மாஸ்டரின் குரல் கேட்டது. கரடியோடு கதைத்துக்கொண்டிருந்தார். பின் வரிசை வாங்கில் இருந்து கதைக்கும் மாணவனை அடக்குகிற அதே குரல்.

"காணும், திண்டது காணும். இனிப் போம்."

கரடி தலையை நிமிர்த்தியது. எங்கள் மணம் அதற்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பின்னங்காலில் எழுந்து நின்று எங்களைப் பார்த்தது, பிறகு மாஸ்டரைப் பார்த்தது. நான் ஸ்பிரேயின் பூட்டைக் கழற்றினேன். "மாஸ்டர், திரும்பாதேங்கோ. அப்பிடியே நில்லுங்கோ" என்றேன். கரடி கீழே இறங்கி, கல்லைக் கடைசியாக ஒருமுறை நக்கிவிட்டு, அவசரமில்லாமல் புதருக்குள் போனது. அவசரமில்லாமல் போனதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பயந்து போன கரடி திரும்பாது. இது சாப்பிட்டு முடித்துப் போகிற கரடி.

யாழினி தண்ணீருக்குள் இறங்கித் தகப்பனைப் பிடித்தாள். அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. பனி உருகிய தண்ணீர் அது. மேரியும் குணாவும் அவரைத் துடைத்து, இரண்டு தூக்கப்பைக்குள் திணித்து, சுடுதண்ணீர்ப் போத்தல்களை அக்குளில் வைத்தார்கள். நான் கல்லைப் போய்ப் பார்த்தேன். ஒரு வாழை இலை, கடதாசி அளவு. பிளாஸ்டிக்கில் சுற்றி ஆக்லாந்திலிருந்து கொண்டுவந்தது. கறுத்த எள் சிதறியிருந்தது. தேன் வழிந்து கல்லின் பிளவுக்குள் போயிருந்தது. ஒரு சின்னப் போத்தல் நெய் சரிந்து கிடந்தது. நான் கொடுத்த ஸ்பிரேயும் விசிலும் அவர் கழற்றிய சட்டையோடு கூடாரத்தடியில் கிடந்தன.

நடுக்கம் நின்றபிறகு மாஸ்டர் சொன்னார்.

"இண்டைக்கு அவளின்ர திதி."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே அப்பா" என்றாள் யாழினி. "இங்கிலீஷ் டேட் அடுத்த கிழமைதானே. திரும்பிப் போய்ச் செய்வம் எண்டு நினைச்சன்."

"அங்க செய்து என்ன பிள்ளை? எட்டு வருசம் செய்தனான்தானே. ஒரு வருசமாவது காகம் வந்ததோ?"

ஆக்லாந்தில் காகம் இல்லை. உங்களுக்கு அது தெரியும், நாங்கள் எல்லோரும் பழகிவிட்டோம். திவசத்துக்கு வைக்கிற சோற்றை மைனா தின்னும், கடற்புறா வந்து அள்ளிக்கொண்டு போகும். எதுவோ ஒரு பறவை என்று மனதைத் தேற்றிக்கொள்வோம். மாஸ்டர் தேற்றிக்கொள்ளவில்லை. காகம் உள்ள இடத்தில் ஒரு முறையாவது செய்துவிடவேண்டும் என்று பஞ்சாங்கம் பார்த்து, அந்தத் திதி விழும் வாரத்தில் இடம் பதிந்திருக்கிறார். ஊருக்கு ஏன் போகவில்லை என்று கேட்கலாம். அது அவருடைய கதை. அவர் சொல்லாததை நான் எழுதவில்லை.

"மாஸ்டர், சாப்பாடு இல்லை எண்டு சொன்னீங்கள்" என்றேன். கோபத்தை அடக்கித்தான் கேட்டேன்.

அவர் உண்மையாகவே திகைத்தார். "அது சாப்பாடு இல்லையே தம்பி. பிண்டம். பச்சையரிசி மா, எள்ளு, தேன், நெய். நான் அதில விரலாலும் தொட்டு வாயில வைக்கேல்லை. மருந்துப் பையுக்குள்ள தனிய வச்சிருந்தனான்."

கேள்வி என்னுடையது. அவர் பதில் சரி. எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டாலும் அந்தப் பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

பிறகு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "காகம் எடுத்தது தம்பி. முதல்ல வந்தது காகம். ஒரு உருண்டையைத் தூக்கிக்கொண்டு பறந்தது. அதுக்குப் பிறகுதான் அவர் வந்தவர்." அவர் என்று சொன்னது கரடியை. முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அந்த நிறைவோடு இருந்தவரிடம்தான் அடுத்ததை நான் சொல்லவேண்டியிருந்தது.

நான் சொல்ல முன்பே அவர் கணக்குப் போட்டுவிட்டார். விஞ்ஞானம் படிப்பித்தவர்.

"நீர் முதல் நாள் சொன்னீர். ருசி கண்ட கரடி திரும்பி வரும் எண்டு. வந்தால் சுடுவினம் எண்டு."

"ஓம்."

"அறிவிச்சால்தானே சுடுவினம்."

நான் போன் இருந்த பையைப் பார்த்தேன்.

"அறிவிக்காதையும் தம்பி. உம்மைக் கையெடுத்துக் கேக்கிறன். எட்டு வருசத்துக்குப் பிறகு அவளுக்கு ஒரு பிடி போய்ச் சேர்ந்திருக்கு. அதுக்கு ஒரு உயிரைக் குடுக்கிறதோ? அவள் பல்லியை அடிக்கவும் விடாதவள்."

குணா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நாங்க நாலு பேரும் பேச மாட்டோம் அண்ணே. நீங்க சொல்றதுதான்."

வேறு ஒருவரும் இதைக் காணவில்லை. ஆளுக்கு ஒரு கீறலும் இல்லை. அறிவித்தால் ஆளைத் தனியே விட்டது, பையைச் சோதிக்காதது எல்லாம் என் தலையில் விழும். எனக்கும் அவருக்கும் ஒரே பதில்தான் வசதியாக இருந்தது. அப்படி எல்லோருக்கும் வசதியாக ஒரு பதில் கிடைக்கும்போது கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுங்கள். நான் கரையோரம் நடந்தேன்.

படகில் இருந்த காலத்தில் ஒருநாள் வலை இழுக்கும் கயிறு நைந்திருந்ததைக் கண்டேன். நான் சமையல்காரன், கயிறு என் வேலை இல்லை. சொன்னால் படகைத் திருப்புவார்கள், எல்லோரும் என்னைத் திட்டுவார்கள். சொல்லவில்லை. எங்கள் முறை முடிந்து இறங்கினோம். அடுத்த முறையில் ஏறியவன் ஒருவன் இரண்டு விரலை இழந்தான். அவன் முகம்கூட எனக்குத் தெரியாது. கை மட்டும் ஒருமுறை துறைமுகத்தில் கண்டேன்.

இரண்டு நாள் கழித்து எங்களை ஏற்ற வரும் அதே விமானத்தில் வேறொரு குடும்பம் அதே ஏரியில் வந்து இறங்கப்போகிறது என்று விமானி சொல்லியிருந்தாள். அந்தக் குடும்பத்தில் இரண்டு சின்னப் பிள்ளைகள். நாங்கள் கூடாரம் அடித்த தட்டையான இடத்தில்தான் அவர்களும் அடிப்பார்கள். வேறு தட்டை அங்கே இல்லை.

திரும்பி வந்து மாஸ்டரின் முன்னால் குந்தினேன். அந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.

"எத்தினை வயசுப் பிள்ளையள்?"

"ஏழும் நாலும்."

"போனை எடும்" என்றார்.

பூங்கா அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். ஒரு பெண் அதிகாரி பேசினாள். என் பெயரும் ஏரியும் சொன்னேன். கரடி மனிதச் சாப்பாடு தின்றுவிட்டது என்றேன். என்ன சாப்பாடு, எவ்வளவு, யார் வைத்தது என்று கேட்டாள். நான் தொடங்க முன் மாஸ்டர் தூக்கப்பைக்குள்ளிருந்து கையை நீட்டினார்.

"தாரும். வச்சவன் நான். நான் சொல்லுறன்."

பரிசோதனைக் குறிப்பு வாசிப்பதுபோல் ஆங்கிலத்தில் சொன்னார். ஆறு உருண்டை, தேசிக்காய் அளவு. ஒன்று காகம் எடுத்தது, ஐந்து கரடி. தேன் அரைக் கோப்பை, நெய் அதைவிடக் கொஞ்சம் குறைய. காலை பத்தேகாலிலிருந்து பதினொன்று பத்து வரை. ஏன் வைத்தீர்கள் என்று அவள் கேட்டிருக்கவேண்டும், அதையும் சொன்னார். "என் மனைவிக்காக" என்றார்.

பிறகு அவள் சொன்னதைப் போனை எங்கள் நடுவில் பிடித்துக் கேட்டோம். விமானத்தை இன்றே அனுப்புகிறோம், நாலு மணி நேரமாகும். அந்தக் குடும்பத்தை வேறு ஏரிக்கு மாற்றுகிறோம். இந்தக் கோடை முழுவதும் இந்த ஏரியில் யாரையும் இறக்கமாட்டோம். கரடி கட்டாயம் அந்தக் கல்லுக்குத் திரும்பி வரும். வந்து ஒன்றும் கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று முறையில் மறந்துவிடும். ஏதாவது மிச்சம் இருந்தால் அங்கேயே சுற்றும், ஆட்களைத் தேடத் தொடங்கும். தொடங்கினால் எங்களுக்கு வேறு வழி இருக்காது. ஆகவே அந்த இடத்தில் மணம்கூட மிஞ்சக்கூடாது. எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, என்றாள்.

என்னை அடுத்த கோடை வேலைக்கு எடுக்கவில்லை. விமான நிலையத்துக்கும் மாசிக்கும் நடுவில் ஒரு வருடம் வேன் ஓட்டினேன். அது நியாயம். திரும்ப வேலைக்கு எடுத்தபோது நான் கேட்கிற கேள்வியை மாற்றியிருந்தேன். உங்கள் கையேட்டில் நாலாம் பக்கத்தில் நீளமாக இருக்கிறதே, ஏன் இவ்வளவு நீளம் என்று நீங்கள் சிரித்தீர்களே, அதுதான்: உங்களுக்காகக் கொண்டுவந்தது, கடவுளுக்காகக் கொண்டுவந்தது, இறந்தவர்களுக்காகக் கொண்டுவந்தது, மணமுள்ள எதுவானாலும் காட்டுங்கள். அதோடு, போகிற நாட்களில் வீட்டில் ஏதாவது விசேடமோ துக்க நாளோ வருகிறதா என்று ஓய்வு பெறும்வரை ஆக்லாந்திலேயே கேட்டுவந்தேன். வந்தால் அதற்கு ஒரு வழி செய்யலாம். காகத்துக்குக் கையிலிருந்து கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பீப்பாவில் பூட்டலாம். ஏரிக்கு விமானம் ஏற முன், அலாஸ்காவில் நாங்கள் தங்கும் ஊரிலேயே செய்யலாம். கேட்டால் சொல்வார்கள். எங்கள் ஆட்கள் கேட்காமல் சொல்லமாட்டார்கள்.

அந்த நாலு மணி நேரத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன்.

கல் உருட்ட முடியாத கல். பாதி மண்ணுக்குள் இருந்தது. குணா ஒரு பக்கம், மேரி ஒரு பக்கம் ஸ்பிரேயோடு காவல் நின்று சட்டியைத் தட்டினார்கள். குணா பழைய சினிமாப் பாட்டும் மேரி தேவாலயப் பாட்டும் மாறி மாறிப் பாடினார்கள். யாழினி கல்லைச் சுற்றி எள் விழுந்த பாசியையும் தேன் ஊறிய மண்ணையும் கரண்டியால் தோண்டிப் பீப்பாவுக்குள் போட்டாள். நான் அடுப்பை மூட்டித் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டே இருந்தேன். மாஸ்டரைப் படுத்திருக்கச் சொன்னோம். கேட்கவில்லை. யாழினியின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, நோகிற முழங்காலை மடித்துக் கல்லின் முன் இருந்தார். ஏரி மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்தார். நான் சுடுதண்ணீர் ஊற்றினேன். பிளவுக்குள் விரல் போகாத இடத்தில் குச்சியில் துணி சுற்றித் துடைத்தார். தோல் உரிந்து விரல் நுனி சிவந்தது. நான் மாற்றிச் செய்கிறேன் என்றேன். தலையை ஆட்டினார்.

"நான் வச்சது தம்பி."

நாலு மணிக்கு மலைக்குப் பின்னால் விமானச் சத்தம் கேட்டது. ஏரியில் இறங்கிக் கரைக்கு வந்து நின்றது. விமானி மிதவையில் இறங்கி, மேகம் இறங்குகிறது, சீக்கிரம் என்று கை காட்டினாள். மற்ற மூன்று பேரும் பைகளை ஏற்றினார்கள்.

மாஸ்டர் எழும்பவில்லை. "தம்பி, நீர் ஒருக்கா மணந்து பாரும். இந்த வயசில என்ர மூக்கை நம்பேலாது" என்றார்.

நான் முழங்காலிட்டு முகத்தைக் கல்லில் வைத்தேன். ஈரம், மணல், பாசி. பிளவுக்கு நேராக வந்தபோது மெல்லிதாக ஒன்று. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் நாள் முழுவதும் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தார்.

"இன்னும் கொஞ்சம் தேன் மணக்குது மாஸ்டர்."

"எங்க?"

விரலை வைத்துக் காட்டினேன். அவர் குனிந்து, ஒரு கை மணலை அள்ளி அந்த இடத்தில் போட்டார். நான் விமானியைப் பார்த்துப் பொறு என்று கை காட்டிவிட்டு, கேத்தலை மறுபடி அடுப்பில் வைத்தேன்.